குறுமுனியும் சடுகுடுவும்

குற்றாலத்துக்கு வருகிற ஜனங்களில் முக்காலே மூணு வீசம் பேர் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, துவட்டிக்கொண்டு, நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் குற்றாலநாதர் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நுழைந்தவர்களிலும் அந்தக் கோயிலின் கதையை விசாரிக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்.

கதை இதுதான். ஆதியில் அது பெருமாள் கோயிலாம். அகத்தியர் திருநீறும் ருத்திராட்சமுமாக வந்தபோது உள்ளே விடவில்லையாம். முனிவர் வைஷ்ணவ வேஷம் போட்டுக்கொண்டு மறுபடி வந்தார். நெடிதாக நின்றுகொண்டிருந்த பெருமாளின் தலையில் கையை வைத்து அழுத்தினார். பெருமாள் குறுகிக் குறுகிச் சிவலிங்கமாகிவிட்டார். அந்த அழுத்தலில் சுவாமிக்குத் தலைவலி வந்துவிட்டதென்றும், அதற்காகத்தான் தைலம் சாத்துகிறார்களென்றும் சொல்வார்கள்.

இதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அகத்தியரோ குறுமுனி. நெடியவராக நின்ற மூர்த்தியின் தலை அவருக்கு எப்படி எட்டிற்று? புராணம் இதற்கு விடை சொல்லவில்லை. எட்டிற்று, அவ்வளவுதான். குள்ளமானவரைப் பொதிகை மலைக்கே அதிபதியாக்கி, தமிழுக்கும் தகப்பனாக்கி வைத்திருக்கிற இந்தச் சீமையில்தான், என் தங்கையின் பேரனை உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பையனுக்குப் பதினேழு வயது. உயரம் ஐந்தடி மூன்றங்குலம். எடை ஐம்பத்தெட்டு கிலோ. கபடி என்றால் உயிர். நாங்கள் சிறு வயதில் சடுகுடு என்று ஆடியதுதான். இப்போது அது மெத்தை விரித்து, பூட்ஸ் மாட்டி, விளக்குப் போட்டு ஆடுகிற ஆட்டமாகிவிட்டது. ஏதோ ஒரு விளையாட்டு விடுதியின் தேர்வுக்கு அவனும் போயிருக்கிறான். சுவரோடு நிறுத்தி அளந்தார்களாம். அளந்தவர் காகிதத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு, "அடுத்தது" என்றாராம்.

"ஆடவே சொல்லல, தாத்தா. எடைக்குத்தான கபடியில கணக்கு? பின்ன எதுக்கு உயரம் பாக்காவ?" என்று என்னிடம் கேட்டான்.

அவன் தகப்பனாருக்குத் தென்காசி ரத வீதிக்குப் பக்கத்தில் இரும்புக் கடை. மாப்பிள்ளை அதிகம் பேசாத மனுஷர். அவர் என்னைத் தனியே அழைத்துப் போய், "மாமா, நீங்க சொன்னா கேப்பான். இது நமக்குச் சரிப்படாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவனுக்கும் வீணா ஆசை வேண்டாம் பாருங்க" என்றார். கதை எழுதுகிறவனுக்கு உலகத்திலுள்ள எல்லா விஷயங்களும் தெரியும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அதை நான் என்றுமே கலைத்ததில்லை. ஆனால் இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

'மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது', 'கடுகு சிறுத்தாலும் காரம் போகாது' என்றெல்லாம் நம்மிடம் பழமொழிகள் உண்டு. தங்கை வீட்டில் அந்த வாரம் முழுவதும் ஆளுக்கொரு தடவை பையனிடம் அவற்றைச் சொல்லிப் பார்த்தார்கள். அவன் முகம் மேலும் சுருங்கியதுதான் மிச்சம். கடுகு யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பையனோ எழுபது கிலோக்காரர்கள் நாலு பேர் கையிலிருந்து நழுவி வர வேண்டும்.

இலஞ்சிப் பக்கத்தில் ஒரு கோயில் கொடை. அதை ஒட்டி இரவு ஆட்டம், அறுபத்தைந்து கிலோப் பிரிவு. எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். மலையிலிருந்து வருகிற காற்று துண்டை ஒரு நிமிஷம் தோளில் நிற்க விடவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் எடை பார்க்கிற வைபவம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பையன்கள் காலையிலிருந்து பட்டினி கிடந்து, கடைசி அரைக் கிலோவை இறக்குவதற்காக மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, உதடு உலர வந்து தராசில் ஏறுகிறார்கள். முள் சரியாக நின்றதும் பக்கத்தில் தயாராக இருக்கும் சிநேகிதன் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரிக்கிறான்!

அந்தத் தராசின் அருகில் நின்றபோதுதான் பேரன் கேட்ட கேள்வியின் நியாயம் எனக்கு விளங்கிற்று. அறுபத்தைந்து கிலோ என்று வரம்பு கட்டிவிட்டால் ஆறடிப் பையன் முருங்கைக்காய் மாதிரி வந்து நிற்கிறான். ஐந்தரை அடிப் பையன் உரல் மாதிரி வந்து நிற்கிறான். உயரத்தையும் கனத்தையும் சேர்த்து ஒருவனுக்கே கொடுப்பதற்கு இந்த ஆட்டம் சம்மதிப்பதில்லை. ஆடவருக்கான பெரிய போட்டிகளிலும் எண்பத்தைந்து கிலோ என்று வரம்பு இருக்கிறது. ஆகவே கபடியில் உயரம் என்பது சும்மா வருகிற லாபமல்ல; எதையாவது விலையாகக் கொடுத்துத்தான் அதை வாங்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்கர்களுக்கு ஓர் ஆட்டம் உண்டு. காலால் பந்தை உதைப்பது அபூர்வம். பெயர் மட்டும் கால்பந்து. அதில் ஓடிப்போய், தூரத்திலிருந்து வீசப்படும் பந்தை எட்டிப் பிடிப்பதற்கென்றே சில பேர் இருக்கிறார்கள். எடைக்கு வரம்பு கிடையாது. ஆறடிக்கு மேல் வளர்ந்து, நூறு கிலோ கனத்து, குதிரை மாதிரி ஓடுகிறவனும் அங்கே வரலாம். அந்த ஆட்டத்தில் வெஸ் வெல்கர் என்று ஒருவர். 2004-இல் ஆட்களைப் பொறுக்கி எடுத்தபோது எந்தக் குழுவும் அவரைத் தொடவில்லை. காரணங்களில் ஒன்று, அவர் 'குள்ளம்'. எவ்வளவு குள்ளம் தெரியுமா? ஐந்தடி ஒன்பதங்குலம்! தென்காசியில் அவருக்கு வாசல் நிலை இடிக்கும். பிற்பாடு 2007 முதல் 2012 வரை நியூ இங்கிலாந்துக் குழுவுக்காக ஆடிய ஆறு பருவங்களில், ஐந்தில் அவர் நூற்றுக்கு மேல் பந்து பிடித்தார். ஓரத்தில் நெட்டையர்களோடு துள்ளிப் போட்டியிடாமல், உள்ளே நெருக்கடியில் நின்று, நாலடி ஓடி வெட்டித் திரும்பிப் பந்தை வாங்கினார். தன் உயரத்துக்கு ஏற்ற இடம் எது என்று கண்டுபிடித்துக்கொண்டார்.

இங்கே நம் பேரன் அன்றைக்குச் செய்யாதது அதுதான். பதினொரு தடவை பாடிப் போனான். விரலை மடக்கி எண்ணினேன். நாலு தடவை தொட்டு வந்தான். மூன்று தடவை பிடிபட்டான். மற்றதெல்லாம் வெறுங்கை. பிடிபட்ட மூன்றில் இரண்டு, போனஸ் கோட்டுக்கு ஆசைப்பட்டு அகப்பட்டது. அந்தக் கோடு நடுக் கோட்டிலிருந்து ஏறக்குறைய நாலே முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது. எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது ஒரு காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மற்றக் காலை அந்தரத்தில் தூக்கிக் காட்டினால் ஒரு புள்ளி. நீளக் கால்காரன் எட்டி வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். இவனோ அதே கோட்டைத் தொட இன்னும் அரையடி உள்ளே போக வேண்டும். அந்த அரையடிக்குள் மூலையில் நின்றவன் இவன் இடுப்பைக் கட்டி, சாக்கு மூட்டை மாதிரி தூக்கிவிட்டான். கூட்டம் சிரித்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "பொடியன்லா!" என்று அனுதாபத்தோடு சொன்னார். சிரிப்பைவிட அந்த அனுதாபம் எனக்குச் சுருக்கென்றது.

ஆனால் ஒன்பதாவது தடவை நடந்ததையும் சொல்ல வேண்டும். நாலு பேர் கைகோத்துச் சங்கிலியாக வளைத்துக்கொண்டார்கள். முப்பது விநாடியில் பாதிக்கு மேல் போய்விட்டது. பையன் இடப்பக்கம் போவதுபோல் தோளைக் காட்டிவிட்டு, கோத்த கைகளுக்கு அடியில் குனிந்தான். குனிந்தான் என்பதுகூடச் சரியல்ல. அவன் குனிய வேண்டிய தூரம் அதிகமில்லை. மறு நொடி நடுக் கோட்டில் அவன் கை இருந்தது. நாலு பேரில் மூன்று பேர் தொடப்பட்டு வெளியே நடந்தார்கள். இந்த முழுக்குக்கு வடக்கே 'டுப்கி' என்று பேர். புரோ கபடியில் பர்தீப் நர்வால் இதில்தான் பிரசித்தி பெற்றார். ஆயிரம் பாடு புள்ளிகளை முதலில் எடுத்தவர் அவர்தான். 2017-இல் ஒரே பாட்டில் எட்டுப் புள்ளி எடுத்ததும் அவரே. உயரமானவரானாலும் அந்த வித்தைக்குத் தம்மைப் பாதியாக மடக்கிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

குள்ளர்களின் பெருமையைப் பேச ஆரம்பித்தால் உதாரணங்கள் தாமாக வந்து நிற்கின்றன. அமெரிக்கக் கூடைப்பந்தில் மக்ஸி போக்ஸ் என்பவர் நம் பையனுடைய அதே ஐந்தடி மூன்றங்குலத்தோடு 1987 முதல் 2001 வரை ஆடினார். வளையமோ பத்தடி உயரத்தில்! 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு பேரைச் சாய்த்த இன்னிங்ஸில், குண்டப்பா விசுவநாத் தனியாளாக நின்று 97 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் திரும்பியதை நான் ரேடியோவில் கேட்டவன். இந்தியா எடுத்த மொத்தமே 190. மார்புக்கு வந்த பந்தை அவர் வெட்டி அடித்தபோது வர்ணனையாளரின் குரல் உயர்ந்தது இன்னும் காதில் இருக்கிறது.

இத்தனையையும் மாப்பிள்ளையிடம் சொன்னேன். மனுஷர் இரும்புக் கடைக்காரர். எடைக்கு எடை கேட்கிறவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, நீங்க சொன்னது மூணு பேரு, நாலு பேரு. ஆடப் போயி ஒண்ணுமில்லாம வந்த குட்டைப் பயலுவ எத்தனை பேரு? அந்தப் பேரெல்லாம் யாருக்காவது தெரியுமா?" என்றார்.

அவர் கேள்வியில் விஷயம் இருந்தது. உயரமான ஆட்டக்காரர்களுக்கு இப்படி உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆட்கள் மலிந்து கிடக்கிறார்கள். நடுத்தரமாக ஆடுகிற நெட்டைக்கு ஏதாவது ஒரு குழுவில் இடம் கிடைத்துவிடுகிறது, 'தேறுவான்' என்று எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நடுத்தரமாக ஆடுகிற குட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. அவனிடம் ஏதாவது ஒன்று மற்ற எல்லாரையும்விட மிஞ்சி இருக்க வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. வாஸ்தவமா என்று கேட்டால், ஆம்.

பணமும் லேசான விஷயமில்லை. 2014-இல் புரோ கபடி ஆரம்பித்த பிறகு, தென் மாவட்டத்துப் பையன்களின் கண்ணில் ஒரு புது வெளிச்சம். 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் குழு பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அவர் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டு அந்தப் பருவம் முழுவதும் உட்கார்ந்தார். கோடிக்காரனுக்கே முழங்கால் அப்படி என்றால் ரத வீதிப் பையன் என்ன செய்வான் என்பது தகப்பனாரின் கவலை. ஏலத்துக்குப் போகாதவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. ரயில்வே, போலீஸ், வங்கி என்று குழுக்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கென்று 3 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவுகளைத் தட்டுவதற்கும் மாநில அளவில் ஆடியிருக்க வேண்டும்.

நான் பையனைப் பழைய குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். குளித்துவிட்டுத் திரும்பும் வழியில், "நீ ஏன் பாடிப் போகவே ஆசைப்படுகிறாய்?" என்று கேட்டேன். "அவனத்தான் தாத்தா எல்லாரும் பாப்பாவ" என்றான். உண்மையான பதில். ஓரத்தில் குனிந்து நிற்கிறவனை, அவன் கணுக்காலைக் கவ்வுகிற அந்த ஒரு நொடியில்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள்.

அவனுக்குச் சேரலாதனைப் பற்றிச் சொன்னேன். தர்மராஜ் சேரலாதன், நம் தமிழ்நாட்டுக்காரர், மூலை காக்கிறவர். 2016-இல் பட்னா குழு கோப்பை வாங்கியபோது அவர்தான் தலைவர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பாதி வயசுப் பையன்கள் மின்னல் மாதிரி வந்தபோது, அவர்களுடைய கால் எந்த நொடியில் தரையை விட்டு எழும் என்பதை அவர் அறிந்து வைத்திருந்தார். வயசு இடித்த இடத்தில் அவருக்குக் கணக்குக் கைகொடுத்தது. கணுக்காலைப் பிடிக்கிற வேலைக்கு ஆறடி உயரம் எதற்கு? நெட்டையன் அங்கே இறங்கி வருவதற்குள் இவன் அங்கேயே இருக்கிறானே!

பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பாடவே கூடாதா?" என்றான். "மூன்றில் ஒன்று பாடு. போனஸ் பக்கம் போகாதே. சங்கிலி போட்டால் முழுகு. மற்ற நேரமெல்லாம் மூலை" என்றேன். இதைச் சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அவன் கேட்கவில்லை. நல்ல பையன்.

மாப்பிள்ளையிடம் பேரம் பேசினேன். இரண்டு வருஷம் தவணை. திருநெல்வேலியில் கபடிக் குழு உள்ள ஒரு கல்லூரியில் பி.காம். சேர வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து கணக்கு எழுத வேண்டியது, இரண்டாவது வருஷக் கடைசியில் பல்கலைக்கழகக் குழுவில் பெயர் வரவில்லையானால் வாயைத் திறக்காமல் கல்லாவில் உட்கார வேண்டியது. பையன் உடனே சம்மதித்தான். மாப்பிள்ளை பதில் சொல்லாமல் எழுந்து, கடைக்கு வந்திறங்கிய கம்பிக் கட்டை எண்ணப் போய்விட்டார்.

மறுநாள் அதிகாலையில் கொல்லைப்புறத்தில் தொம் தொம்மென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் பாடியபடி, ஒரு காலை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் ஆடினவர் என்று அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. மூலையில் பையன் கையைத் தாழ்த்திக்கொண்டு நின்றான்.

"முழங்காலப் பாக்காதல. குதிங்காலப் பாரு!" என்றார் அவர்.