ஆளில்லாச் சத்திரமும் அரை நிமிடப் பேயும்

1858-ஆம் ஆண்டு, பெரியதொரு காமிராவை மாட்டு வண்டியிலே ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் தஞ்சைக்கும் வந்தார் ஒரு வெள்ளையர். லின்னேயஸ் டிரைப் என்பது அவர் பெயர், பட்டாளத்துக் கேப்டன், சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரர். படத்தைப் பெரிதாக்குவது எளிதல்லாத காலம் அது. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய காமிரா வேண்டும்! மெழுகூட்டிய தாளிலே ஒளியைப் பிடித்தார். மெழுகிலே உருவம் சமைத்துச் சிலை வார்க்கும் சுவாமிமலைக்காரர்களாகிய நமக்கு இதிலே பெரிய வியப்பில்லை.

திருமலை நாயக்கர் அரண்மனை அப்போது பாழடைந்து கிடந்தது. நேப்பியர் பிரபு அதைச் செப்பனிடத் தொடங்கியது 1866-இல்தான். அந்தப் பாழ்க்கோலத்தை இன்று நாம் காண்கிறோமென்றால், டிரைப் எடுத்த படங்களிலே காண்கிறோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அடுத்த ஆண்டே, செலவு மிகுதியென்று ஆளுநர் டிரெவிலியன் அப்பணிக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்!

மண்டபம் இருக்கிறது, தூண் இருக்கிறது. அப்படங்களிலே ஆட்கள் மிக அரியர். நெடுநேரம் திறந்திருக்கும் வில்லையின் முன் நடந்து போகிறவன் பதிவாகமாட்டான். வண்டி ஓட்டியவன் எங்கே? பெட்டி சுமந்தவன் எங்கே?

இன்று நாமும் அத்தகைய பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். கும்பகோணத்து நண்பர் தந்த இரவல். நாலங்குலத்துக்கு ஐந்தங்குலப் பிலிம். ஒரு முறைக்கு ஒன்றே ஒன்று. அதன் விலையைக் கேட்டால் ஆசிரியன் சம்பளம் நடுங்கும். "கைப்பேசியிலே நூறு எடுக்கலாமே, சார்!" என்கிறார்கள் மாணவர்கள். எடுக்கலாம். ஒன்றுதான் எடுக்க முடியுமென்னும்போதுதானே, எங்கே நிற்பது என்று சிந்திக்கிறோம்!

காவிரிக் கரையிலே ஒரு பழஞ்சத்திரம். ஓடு சரிந்து, சுவரிலே அரசு முளைத்து நிற்கிறது. பேய் உலவுகிறதாம். மாணவர் நால்வருடன் சென்றோம். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தவன், "சார், சத்திரம் தலைகீழாகத் தொங்குகிறது!" என்று கூவினான். மேலிருந்து வரும் கதிர் கீழே விழுகிறது, கீழிருந்து வருவது மேலே. அவ்வளவுதான். அரை நிமிடம் வில்லையைத் திறந்துவைத்தோம். அதிலே பாதி நேரம் ஒருவனை வாசலில் நிற்கச் சொல்லி, பிறகு விலகச் செய்தோம். கழுவியெடுத்த படத்திலே அவன் உடம்பினூடே கதவு தெரிந்தது! வகுப்பிலே காட்டினோம். "பேய்" என்று அலறியவர்களுக்கு, இரண்டாம் பெஞ்சிலே சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பேயையும் காட்டினோம்.

மறுவாரம் முன்வாசலையே மீண்டும் குறிபார்த்து நின்றபோது, புல்லுக்கட்டோடு வந்த மூதாட்டி ஒருவர் கேட்டார்: "முன்னாடியே எதுக்கு சார் எடுக்குறீங்க? எங்க ஆத்தா சோறு வாங்குனது கொல்லப்பக்கமுல்ல?"

தம் சத்திரங்களில் உயர்சாதியார் முதல் தீண்டாதார் எனப்பட்டோர் வரை அனைவருக்கும் சோறு உண்டு என்று, 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதினார் சரபோஜி மன்னர். உண்டுதான், எந்த வாசலில் என்பதன்றோ கேள்வி!

முக்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனோம். முள் மண்டிய சந்து. இடுப்புயரத்திலே ஒரு சிறு திறப்பு. ஒரே ஒரு பிலிம் மீதியிருந்தது. "அம்மா, அந்த இடத்திலே நிற்கிறீர்களா? இருபது எண்ணும் வரை அசையக் கூடாது" என்றோம். கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார்.

எண்ணினோம். அவர் அசையவேயில்லை, படத்திலே சேலைத் தலைப்பின் ஓரம் மட்டும் காற்றில் கலைந்திருக்கிறது.