இலவசக் காவலர்கள்

இலக்கியக் கூட்டங்களில் கணினி பற்றிய பேச்சு பெரும்பாலும் எழுத்துருவோடு நின்றுவிடுகிறது. நச்சுநிரல் என்பது வங்கிக்காரர்களின் கவலை என்று நம்மில் பலர் கருதுகிறோம். கையெழுத்துப் படியைப் பட்டுத்துணியில் சுற்றி வைப்பவர்கூட, அதன் ஒரே மின்படியை ஊரெல்லாம் சுற்றும் பென் டிரைவில் போட்டு வைத்திருப்பார்.

எங்கள் வட்டத்தில் பழைய சிற்றிதழ்களைத் தட்டச்சு செய்து சேர்த்து வருகிறோம். மறைந்துவிட்ட மூத்த நண்பர் ஒருவர், கண்பார்வை மங்கிய கடைசி நாட்களில் சொல்லச் சொல்ல எழுதியெடுத்த நினைவுக் குறிப்புகளும் அதில் அடக்கம். அவற்றின் திருத்திய படி ஒரு டி.டி.பி. கடைக்குப் போய்த் திரும்பியபோது, பென் டிரைவிலிருந்த கோப்புறைகள் அனைத்தும் ஒரு கிலோபைட், இரண்டு கிலோபைட் அளவுள்ள குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருந்தன. "எல்லாம் போச்சு சார், ஃபார்மேட் போட்டுடுங்க" என்றார் கடைக்காரர். நல்லவேளையாக நாங்கள் அதைக் கேட்கவில்லை. இவ்வகை நிரல் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றுக்கு 'மறைக்கப்பட்டது', 'கணினிக்குரியது' என்னும் பண்புகளை ஏற்றிவிட்டு, அதே பெயரில் ஒரு போலியை முன்னால் நிறுத்துகிறது. போலியைச் சொடுக்கினால் அடுத்த கணினிக்கும் தொற்று பரவும். சொடுக்காமல், முதலில் நச்சுநிரலை நீக்கிவிட்டுப் பிறகு 'அட்ரிப்' என்ற பழைய டாஸ் காலத்துக் கட்டளையால் அப்பண்புகளைக் களைந்தோம். நண்பரின் குரல் பக்கம் பக்கமாகத் திரும்பி வந்தது.

அதன்பின் எந்தக் காவலரை அமர்த்துவது என்ற விவாதம் எழுந்தது. எங்கள் தலைமுறைக்கு இலவசம் என்றால் ஏவிஜி, அவாஸ்ட், சிவப்புக் குடை போட்ட அவிரா. முதலிரண்டும் செக் நாட்டுச் சரக்கு: அவாஸ்டின் வேர் 1988இல் பிராக் நகரில், ஏவிஜியின் வேர் 1991இல் பர்னோவில். பணம் கேட்காமல் காத்த அந்த நிரல்கள் மீது எங்களுக்கு நன்றியுணர்வே இருந்தது. ஆனால் அவாஸ்ட், தன் பயனாளர்கள் இணையத்தில் எங்கெங்கு உலவினார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்னும் துணை நிறுவனம் வழியாக விற்றுவந்தது அம்பலமானது. 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் இதற்காக 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தச் செய்தது. வாசலில் நின்ற காவலரே யார் எப்போது எங்கே போகிறார்கள் என்று குறிப்பெழுதி விற்றிருக்கிறார்! இதற்கிடையில் ஏவிஜியை 2016இல் அவாஸ்ட் வாங்கியது. பிறகு அவிராவை நார்ட்டன் நிறுவனம் வாங்க, 2022இல் அவாஸ்டும் அதனுடன் இணைந்தது. ஆக, நான்கு பெயர்ப்பலகைகளுக்கும் இன்று வீடு ஒன்றுதான். சிற்றிதழ்கள் பெரிய நிறுவனங்களில் கரைவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

எனவே எங்கள் முடிவு எளிமையானது. விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் அந்த இயங்குதளத்துடனேயே வரும் டிஃபெண்டர், எழுதவும் படிக்கவும் கணினியைப் பயன்படுத்துவோருக்குப் போதும். இரண்டு காவல் நிரல்களை ஒன்றாக ஓடவிட்டால் அவை ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொள்ளும். இவற்றைவிட முக்கியம், 'அப்டேட்' கேட்கும்போது 'பிறகு' என்று தள்ளாதிருப்பது. 2017 மே மாதம் பிரிட்டனின் மருத்துவமனைகளை முடக்கிய வானாகிரை நுழைந்த ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே ஒட்டுப் போட்டிருந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதையும் பழைய கணினி வைத்திருப்போர் கவனிக்க வேண்டும்.

புத்தகம் தேடி அலைகிறவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய காதல் கடித நிரல், பெயரின் நடுவே டி.எக்ஸ்.டி. என்று காட்டி, உண்மையான வால் எழுத்துகளை மறைத்தே ஏமாற்றியது. அந்தத் தந்திரம் இன்னும் சாகவில்லை. அச்சில் இல்லாத நாவல் ஒன்று பி.டி.எஃப். என்று பெயர் காட்டி வரும், கடைசியில் இ.எக்ஸ்.இ. என்று முடியும். விண்டோஸ் வழக்கமாக அந்த வாலை மறைத்தே வைக்கிறது. கோப்புறைச் சாளரத்தின் 'வியூ' பட்டியலில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது வெளிப்பட்டுவிடும்.

இப்போதெல்லாம் திருடனே காவலர் உடுப்பில் வருகிறான். 'உங்கள் கணினியில் நச்சுநிரல், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரையை மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு அலறும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. அழைக்காமல் உலாவியை மூடிவிடலாம். மூட முடியாவிட்டால் கணினியையே அணைத்துவிடலாம். அழைத்துப் பணமும் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் பேச வேண்டும். முதல் சில மணி நேரத்திற்குள் சொன்னால், பணம் கைமாறும் முன் வங்கி அதை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.