மாட்டை விற்ற அன்று

ஒட்டன்சத்திரத்தை அடுத்த ஒரு கிராமம். 2 ஏக்கர் நிலம், கிணற்றுப் பாசனம். ஒன்றரை ஏக்கரில் செடிமுருங்கை, மீதியில் தீவனச் சோளம். முருங்கை விலை ஒரு நாள் ஏறும், மறுநாள் படுக்கும். பால் சொசைட்டியில் வாங்கும் பணம்தான் வீட்டை நடத்தியது. இரண்டு மாடுகளையும் கறந்தது 46 வயது வீட்டம்மா.

குளிக்கும்போது அவருடைய இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. வலித்திருந்தால் மறுநாளே சொல்லியிருப்பார். காய் பறிப்பு நேரம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக நகை அடகில் இருந்தது. 'காய் முடியட்டும்' என்று ஐந்து மாதம் மூடி வைத்தார். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லைதான். ஆனால், வலிக்காத கட்டியையும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்ற விஷயம் நம் ஊர்களில் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

தனியாரில் ஸ்கேன், சதைப் பரிசோதனை, இன்னொரு டாக்டரிடம் ஆலோசனை என்று 38,000 ரூபாய் போன பிறகுதான், பக்கத்து ஊர் நர்ஸ் ஒருவர் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொடுத்து அட்டை வாங்கினார்கள். மதுரையில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு ரூபாய் கட்டவில்லை.

ஆனாலும் கடன் ஏறியது. 21 நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்ற இரண்டு பேர் மதுரை போக வேண்டும். ஒருமுறை, 'ரத்த அணு குறைஞ்சிருக்கு, அடுத்த வாரம் வாங்க' என்று திருப்பி அனுப்பினார்கள். பஸ், சாப்பாடு, காட்டு வேலைக்கு ஆள் கூலி. மருந்தடிக்க வேண்டிய வாரத்தில் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றதால், முருங்கையில் காய் ஈ புகுந்தது. இந்தச் செலவுக்கெல்லாம் எந்த அட்டையும் இல்லை.

மாடுகளும் படுத்தின. கணவர் உட்கார்ந்தால் மடியை இறுக்கிக்கொண்டன. மனைவியின் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கறந்து பார்த்தார். அப்படியும் வேளைக்கு 9 லிட்டர் வந்த இடத்தில் 6 லிட்டர்தான்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களில் சிலர் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இது ஒட்டும் நோயே இல்லை. அதை யார் யாருக்கு எடுத்துச் சொல்வது? வீட்டுக்குள்ளும் யாரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. 'கட்டி', 'ஊசி', 'மதுரை' என்ற மூன்று வார்த்தைகளிலேயே மாதங்கள் ஓடின. முடி கொட்டியபோது மகள்தான் சத்தமில்லாமல் கூட்டி அள்ளினாள்.

நாலாவது ஊசி முடிந்து வந்த அம்மா, "போதுங்க, உடம்பு தேறிருச்சு. இனி ஊசி வேணாம்" என்றார். கணவருக்குப் புரியவில்லை. மறுநாள் பால் கணக்கு நோட்டு அலமாரியில் இடம் மாறிக் கிடந்தது. கடன் கணக்கையும் அதில்தான் எழுதி வைத்திருந்தார்.

அடுத்த சந்தையில் ஒரு மாட்டை விற்றுவிட்டு வந்தார். வெறும் கட்டுத்தறியைப் பார்த்து அந்த அம்மா அழுதார்.

"கணக்கு எழுதுனது நான். படிச்சிட்டு நீயா முடிவு பண்ணிக்கிறதா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"எனக்கு வந்திருக்கிறது புத்துநோய். அதப் பத்தி நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனீங்களா?"

அந்த வீட்டில் அந்தப் பெயர் வாய்விட்டுச் சொல்லப்பட்டது அன்றுதான். அவரிடம் பதில் இல்லை. கட்டுத்தறியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் விளக்குப் போட வந்தபோதும் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்: பயம், கடன், மகள் படிப்பு, ஒருவேளை சரியாகாவிட்டால் என்ன என்பது வரைக்கும்.

மீதி ஊசிகளை முடித்தார்கள். பிறகு வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சு. அதற்காக ஐந்து வாரம் மதுரையில் தங்கை வீட்டில் தங்கல். இப்போது தினமும் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. கடன் இன்னும் அடையவில்லை.

அக்குளிலும் ஆபரேஷன் செய்திருப்பதால் இடது கையில் வீக்கம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இப்போதும் கணவர்தான் கறக்கிறார். அந்த அம்மா மாட்டின் முன்னால் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொடுக்கிறார். இருக்கிற ஒரு மாடு காலையில் 5 லிட்டர் இறக்குகிறது.