குரலின் எடை

சென்ற ஆண்டு திருச்சியில் மருத்துவப் பணியாளர்க்கென நடைபெற்ற ஒரு கருத்தரங்கில் கட்டுரை படிக்கும் வாய்ப்பு எங்கள் இருவருக்கும் கிட்டியது. இருவரும் செவிலியர், பயிற்சிக் காலம் தொட்டே தோழியர். மனச்சிதைவு நோயுற்றோரின் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகளை உடன் பணிபுரிவோர்க்கு எடுத்துரைப்பதே எங்களுக்கு இடப்பட்ட பணி. எங்களுள் ஒருத்தியின் தம்பிக்குப் பதினான்கு ஆண்டுகளாக அந்நோய் உண்டு. அந்த ஒருத்தி யார் என்பது இங்கே வேண்டாம். பணியிடத்தில் எவரும் அதை அறியார். அறியாதபடி நாங்களே பார்த்துக்கொண்டோம்.

செய்தி லண்டனில் தொடங்குகிறது. 1950களில் ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியல் அறிஞரும் அவருடைய தோழர்களும், மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியேறிய 229 ஆண்களின் நிலையை ஆராய்ந்தனர். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறைகளில் தங்கியவர்களும் உடன்பிறந்தாரோடு வாழ்ந்தவர்களும் நலமாயிருந்தனர். வீட்டைவிட வாடகை அறை மேலாவது எவ்வாறு? பின்னர் நடந்த ஆய்வுகளில் குடும்பத்தாரைப் பேசவிட்டு ஒலிநாடாவில் பதிந்தனர். சொல்லை மட்டுமன்று, சொல்லிய குரலையும் எடைபோட்டனர். குற்றங்காணும் பேச்சு, பகைமை, நோயுற்றவரைக் கைக்குள்ளேயே பொத்திவைக்கும் மிகையான கவலை ஆகியவை மிகுந்த வீடுகளில் நோய் திரும்பத் தலைதூக்குவது அதிகம் என்று கண்டனர். 1972இல் வெளியான ஆய்வில், அத்தகைய வீடுகளில் ஒன்பது மாதங்களுக்குள் நூற்றுக்கு 58 பேருக்கு நோய் திரும்பியது. மற்ற வீடுகளில் 16 பேருக்கே. எண்களுக்காக வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். எங்களை உலுக்கியவை அவைதாம்.

கட்டுரைக்காக இவற்றைப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில், அந்த ஒருத்தியின் வீட்டில் ஞாயிறு மதிய உணவுக்கு அமர்ந்தோம். விளையாட்டாக எண்ணத் தொடங்கினோம். "இன்னும் குளிக்கவில்லையா?" ஒன்று. "உன்னோடு படித்தவன் வீடு கட்டிவிட்டான்." இரண்டு. பிறகு மாத்திரை, சவரம், எந்நேரமும் படுக்கை. "சாப்பிட்டாயா?" என்னும் கேள்வியையே நம் வீடுகளில் இரண்டு விதமாகக் கேட்கலாமல்லவா? சோறு முடிவதற்குள் ஏழாயிற்று. அவற்றுள் மூன்று அம்மாவுடையவை. நான்கு எங்களுடையவை.

கருத்தரங்கில் கட்டுரை தடையின்றி முடிந்தது. அப்போது ஒரு மூத்த செவிலியர் எழுந்தார். "நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பிள்ளையின் நோய்க்குத் தாயே காரணம் என்று ஆகிறதே, அம்மா? இரவும் பகலும் விழித்திருப்பவள் அவள்தானே?" என்றார். குரலில் சினமில்லை, வருத்தமே இருந்தது.

ஆயத்தம் செய்துவைத்த விடையைச் சொன்னோம். நோயைக் குடும்பம் உண்டாக்குவதாக இந்த ஆய்வுகள் கூறவில்லை. நோய் திரும்புவதைப் பற்றியே கூறுகின்றன. 1982இல் லண்டனில் ஜூலியன் லெஃப் குழுவினர் இத்தகைய குடும்பங்களுக்கு நோயின் இயல்பை விளக்கி, உறவினரை ஒன்றுகூட்டிப் பேசவைத்தபோது, மருந்து உட்கொண்டுவந்த நோயாளிகளுக்கு நோய் திரும்புவது பெரிதும் குறைந்தது. 1987இல் வெளியான சண்டிகர் ஆய்வில், குற்றங்காணும் பேச்சு லண்டன் வீடுகளைவிட மிகக் குறைவாகவே இருந்தது. எல்லாம் சரியான விடைகளே. ஆயினும் அந்த அம்மையார் அமரவில்லை.

அதன்பின் எங்களுள் ஒருத்தி, தாளில் எழுதாத ஒன்றைச் சொன்னாள். "நான் செவிலி. வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தோம். அம்மாவைவிட எங்கள் கணக்குத்தான் அதிகம். நோயைப் பற்றி அம்மாவுக்கு இதுவரை ஒருவரும் உட்காரவைத்து விளக்கியதில்லை, நானும் விளக்கியதில்லை." மேற்கொண்டு பேச அவளால் இயலவில்லை. மற்றவள் தாள்களை அடுக்குவது போல் குனிந்துகொண்டாள். மூத்த செவிலியர் மெல்ல அமர்ந்தார்.

தேநீர் வேளையில் மூவர் தனித்தனியே வந்து கட்டுரையின் படி கேட்டனர். ஒருவர் மருத்துவர், தம் அக்காவைப் பற்றிப் பேசினார். பேசுமுன் மூவருமே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டனர். அவர்களைக் குறைகூற எங்களுக்கு ஏது உரிமை?

இரவு வீடு சேர்ந்ததும் அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னோம், ஏழைப் பற்றியும் சேர்த்து. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், "நான்கு உங்களுடையதா?" என்று சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது. தம்பி அதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டிருந்தான்.