கை வைக்கும் படிப்பு

தேன்கனிக்கோட்டையில் பஸ் ஏறி, காட்டு வழியாக வளைந்து வளைந்து அஞ்செட்டிக்கு ஒரு முறை வந்து சேர்ந்தவர்களுக்கு, மனிதனுக்கு முதுகெலும்பு என்று ஒன்று உண்டு என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் முதுகுவலியை ஒரு நோயாக யாரும் மதிப்பதும் இல்லை. ரேஷன் கார்டைப் போல அது வீட்டுக்கு ஒன்று இருக்கும். கேழ்வரகு அறுக்கிறவளுக்கு ஒரு விதம். புளியமரம் ஏறி உலுக்குகிறவனுக்கு ஒரு விதம். இருட்டோடு எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ஓசூர்ப் பக்கம் போய், ஷிப்டு முடியும் வரை நின்றபடியே வேலை செய்துவிட்டு வரும் இளம் பெண்களுக்கு இப்போது ஒரு புது விதம். என்னைப் போல உட்கார்ந்து கதை எழுதுகிறவனுக்கு வரும் வலியை மட்டும் ஊரார் வலியென்று ஒப்புக்கொள்வதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண், "நான் முதுகெலும்பைப் பற்றியே படிக்கப் போகிறேன்" என்றால் எல்லோரும் சந்தோஷப்பட வேண்டியதுதானே? என் தங்கையின் மகள் பிளஸ் டூ முடித்த கையோடு அப்படித்தான் சொன்னாள். அவள் சொன்ன படிப்பின் பெயர்தான் யார் வாயிலும் நுழையவில்லை. கைரோபிராக்டிக். அவளுடைய பாட்டி அதைக் கைரேகை என்று புரிந்துகொண்டு, "பொம்பளைப் பிள்ளைக்கு ஜோசியம் எதுக்கு?" என்றாள். புளி வியாபாரம் செய்யும் அவள் அப்பாவோ, "கெய்ரோவா? அவ்வளவு தூரமா அனுப்பறது?" என்று கலங்கிப் போனார். கடைசியில் விஷயம் என்னிடம் வந்தது. கல்லூரிப் பக்கம் இரண்டு வருஷம் எட்டிப் பார்த்தவன் என்பதாலும், நான் எழுதுவது அச்சில் வருகிறது என்பதாலும், படிப்பு சம்பந்தமான எல்லா வழக்குகளும் எங்கள் குடும்பத்தில் என் கோர்ட்டுக்குத்தான் வரும்.

அவளுக்கு இந்த ஆசை ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்பு என் தங்கைக்கு நடு முதுகில் ஒரு வலி வந்தது. வழக்கமான வலிதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினாள். பிறகு கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில், உடைந்த கை கால்களுக்குக் கட்டுப் போடும் ஒரு கிழவரிடம் போனார்கள். அவர் எண்ணெய் தொட்டு முதுகுத் தண்டின் மேல் கட்டை விரலை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. "சாயங்காலமானா காய்ச்சல் வருதா, தாயி?" என்று கேட்டார். வருகிறது என்றாள். "உடம்பு இளைச்சிருக்கா?" ஆமாம் என்றாள். அவர் கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். "இது நான் தொடற எலும்பு இல்லை, தாயி. பெரிய ஆஸ்பத்திரியிலே படம் எடுத்துப் பாருங்க" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொல்லி, கொடுத்த பணத்தையும் வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டில் இதற்கு என்ன அர்த்தம் செய்துகொண்டார்கள்? கிழவருக்கு வயசாகிவிட்டது, கை ஓடவில்லை என்று. யாரோ சொன்னார்கள் என்று நகரத்தில் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார்கள். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ். அங்கே இருந்த இளைஞர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குப்புறப் படுக்க வைத்தார். மூன்று இடத்தில் நெட்டி முறித்தார். சத்தம் நன்றாகவே கேட்டது. இரண்டு நாள் சுகமாக இருக்கிறது என்று இவளே சொன்னாள். மறுபடியும் போனாள். பத்து நாளைக்குள் கால் கனத்தது. நடக்கும்போது காலிலிருந்து செருப்பு நழுவிப் பின்னால் விழுந்துவிடும்; அது விழுந்தது இவளுக்குத் தெரியாது. பின்னால் வந்த மகள்தான் எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்பில் காசநோய் என்று தெரிந்தது. நெஞ்சில் வருகிற அதே காசம்தான். எலும்பில் உட்கார்ந்து அரித்துக்கொண்டிருந்தது. பெர்சிவால் பாட் என்ற ஆங்கிலேய அறுவை வைத்தியர் 1779-ஆம் ஆண்டிலேயே இதை விவரித்து எழுதியதால், இன்றும் அவர் பெயரால் வழங்கும் பழைய வியாதி. நெட்டி முறித்ததால்தான் கால் கனத்தது என்று டாக்டர் சொல்லவில்லை. "ஆனால் இந்த முதுகில் யாரும் கை வைத்திருக்கவே கூடாது" என்றார். ஓராண்டுக்கு மேல் மாத்திரை சாப்பிட்டாள். இப்போது நடக்கிறாள், தண்ணீர்க் குடமும் தூக்குகிறாள். முதுகில் ஒரு சிறு மேடு மட்டும் நின்றுவிட்டது.

ஆகவே மகளிடம், "உன் அம்மாவை முறித்தவனும் அந்தப் படிப்பின் பேரைத்தானே சுவரில் மாட்டியிருந்தான்?" என்று கேட்டேன். அவள் தயாராக இருந்தாள். "அவன் படிக்காமல் செய்தான், மாமா. படித்துவிட்டுச் செய்தால் என்ன?" என்றாள். நாவலாசிரியனுக்குப் பதில் சொல்ல வராத கேள்விகளில் இது ஒன்று. சரி, விசாரிப்போம் என்று உட்கார்ந்தேன்.

இந்த வித்தையின் ஆதி கதையே ஒரு நாவலுக்குரியது. அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் டாவென்போர்ட் என்று ஓர் ஊர். அங்கே டி. டி. பாமர் என்று ஒருவர், கனடாவில் பிறந்தவர். தேனீ வளர்த்தார், மளிகைக் கடை வைத்தார், பிறகு காந்த சிகிச்சை என்று ஒன்று செய்துகொண்டிருந்தார். 1895-ஆம் ஆண்டில், அந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் ஹார்வி லில்லார்டு என்ற கறுப்பினத்தவருக்குப் பல வருஷமாகக் காது மந்தம் என்று அறிந்து, அவர் முதுகில் தடித்திருந்த எலும்பைத் தள்ளி அமர்த்தினாராம், காது கேட்டதாம். காதுக்குப் போகும் நரம்பு மண்டை ஓட்டுக்குள்ளேயே அல்லவா போகிறது என்று டாக்டர்கள் அன்று முதல் இன்று வரை கேட்கிறார்கள். பாமர் அதற்கெல்லாம் அசரவில்லை. நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு முள்ளெலும்பு பிசகுவதே காரணம் என்று சித்தாந்தம் செய்தார். சாமுவேல் வீட் என்ற பாதிரியார், கையால் செய்வது என்று பொருள்படும்படி கிரேக்கத்திலிருந்து பெயர் உண்டாக்கிக் கொடுத்தார். 1897-இல் பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. 1906-இல் உரிமமின்றி வைத்தியம் பார்த்ததற்காகப் பாமர் சிறைக்கும் போனார்.

பிறகு நடந்தது நீண்ட வழக்கு. 1913-இல் கான்சாஸ் மாகாணம் சட்டம் செய்தது. கடைசி மாகாணமாக லூசியானா 1974-இல் உரிமம் தந்தது. அமெரிக்க மருத்துவர் சங்கம் இவர்களைப் போலி வைத்தியர் என்று ஒதுக்கி வைத்திருந்தது. செஸ்டர் வில்க் என்பவரும் வேறு சிலரும் 1976-இல் கோர்ட்டுக்குப் போய், 1987-இல் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார்கள். எல்லா நோய்க்கும் முதுகெலும்பே மூலம் என்ற பழைய கொள்கையை இன்று அந்தத் தொழிலிலேயே பலர் விட்டுவிட்டார்கள். இடுப்பு வலிக்கு இந்த முறை ஓரளவு பயன்படுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மற்ற வைத்தியங்களை விட வெகுவாக மேல் என்று சொல்லவில்லை. கழுத்தை வேகமாகத் திருப்புவதில் மட்டும், முள்ளெலும்பின் துளைகள் வழியாக மூளைக்கு ஏறும் இரத்தக் குழாய் கிழியும் அபாயம் அபூர்வமாக உண்டு என்கிறார்கள். நம் முடிதிருத்தும் கடைகளில் கடைசியில் இலவசமாகக் கழுத்தை முறிப்பார்களே, அதை எண்ணிப் பாருங்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கைபேசியில் படம் பார்க்கிறவர்களெல்லாம் அந்தச் சத்தத்தில்தான் மயங்குகிறார்கள். எலும்பு இடத்துக்கு வந்து அமர்கிற ஓசை அன்று அது. மூட்டுக்குள் உள்ள நீரில் வாயுக் குமிழி உண்டாவதன் ஓசை. 2015-இல் கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரலைச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. படம் எடுத்து அதைக் காட்டினார்கள். டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க டாக்டர் அறுபது வருஷத்துக்கு மேல் ஒரு கை விரல்களை மட்டும் தினமும் சொடுக்கி, மற்றக் கையை விட்டுவைத்துப் பார்த்தார். இரண்டு கைக்கும் வித்தியாசம் இல்லை. இதற்காக 2009-இல் வேடிக்கை நோபல் பரிசும் வாங்கினார். அவருடைய தாயார், விரலைச் சொடுக்காதே என்று திட்டியதன் பலன்!

இனிப் படிப்புக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. முழு நேரமாக நான்கு ஆண்டு. ஆசிரியர் முன்னிலையில் குறைந்தது 4,200 மணி நேரம். அதில் நோயாளிகளைக் கண்காணிப்பில் பார்ப்பது 1,000 மணி. என் தங்கையை முறித்தவருடைய சான்றிதழ் எத்தனை சனி ஞாயிறுகளில் கிடைத்தது என்று எனக்குத் தெரிந்த பின், இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி மகளிடம் கொடுத்தேன். அந்த வழிகாட்டியிலேயே, எந்தெந்த முதுகில் கை வைக்கலாகாது என்று ஒரு பட்டியல் உண்டு. புற்று, எலும்பு முறிவு, சீழ், காசநோய் எல்லாம் அதில் இருக்கின்றன. கிழவர் அதைப் படித்ததில்லை.

இந்த அளவுக்குப் படிக்க நம் நாட்டில் முறையான கைரோபிராக்டிக் கல்லூரி இல்லை. அமெரிக்காவுக்குப் போகலாம், அங்கே முதலில் வேறு கல்லூரியில் சுமார் மூன்று வருஷம் படித்துவிட்டுத்தான் இதில் சேர முடியும். இங்கிலாந்தில் போர்ன்மத் நகரில் 1965-இல் ஆரம்பித்த கல்லூரி இருக்கிறது. நமக்குக் கிட்டத்தில் கோலாலம்பூர். அங்கே சர்வதேச மருத்துவப் பல்கலைக்கழகம் 2010-இல் இந்தப் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தத் தொழிலுக்கு ஓர் அங்கீகாரமும் உண்டு. என் வாசகர் ஒருவரின் மகன் அந்தப் பக்கம் இதைப் படித்தவன். கைபேசியில் அவனோடு மருமகள் ஒரு மணி நேரம் பேசினாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

அவன் சொன்னதில் நெட்டி முறிப்பு வெகு தாமதமாகத்தான் வந்தது. முதல் வருஷமெல்லாம் உடற்கூறும் உடலியலுமாம். விரலுக்குப் பயிற்சி தனி. ஒரு தலைமயிரைக் காகிதத்துக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் இன்னொரு காகிதம், பிறகு இன்னொன்று. அடுத்து, வில் வைத்த பலகையில் குத்திக் குத்தி, வேகம் அதிகமாகவும் தூரம் குறைவாகவும் தள்ளப் பழகுதல். அப்புறம் சக மாணவர்களின் முதுகு. "பரீட்சை சமயத்தில் வகுப்பில் எல்லோருக்கும் கழுத்து வலி, மாமா" என்று சிரித்தான். எக்ஸ்ரே படம் பார்ப்பது, கேள்வி கேட்டு நோயை அறிவது, யாரை டாக்டரிடம் திருப்பி அனுப்புவது என்பதற்கே பாடத்தில் பெரும் பகுதி போய்விடுகிறது என்றான்.

அவன் பேச்சு மருமகளுக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்தது. ஆனால் அவனே கடைசியில் ஒரு விஷயம் சொன்னான்: இந்தப் பட்டத்தோடு அஞ்செட்டிக்குத் திரும்பி வந்தால், அதைப் பதிவு செய்துகொள்ளும் மன்றம் இங்கே கிடையாது. சனி ஞாயிறு சான்றிதழ்காரரும் அவளும் ஒரே தெருவில் ஒரே பெயரில் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதுகுவலியோடு வருகிறவளுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? அவள் அம்மாவுக்கே தெரியவில்லையே.

உள்ளூரில் வழி இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டையில் 1964-இல் ஏற்பட்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தரை ஆண்டுப் படிப்பில் எலும்பு முறிவும் வர்மமும் பாடமாக உண்டு. அதற்கு நீட் எழுத வேண்டும். அவள் எழுதியிருந்தாள்; எண் போதவில்லை. மீதி இருந்தது பிசியோதெரபி. நான்கரை ஆண்டாக இருந்த படிப்பு, 2025-இல் வந்த தேசியப் பாடத்திட்டத்தில் ஐந்து ஆண்டாகிறது. 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் அந்தத் தொழிலுக்கு இடமும் இருக்கிறது. "அதில் வெறும் உடற்பயிற்சிதானே சொல்லித் தருவார்கள்?" என்று உதட்டைச் சுழித்தாள். மெயிட்லாண்டு என்ற ஆஸ்திரேலியருடைய முறையை அதில் படிப்பார்கள். மூட்டை அசைப்பதில் ஐந்து படிகள், ஐந்தாவது படியே இந்த நெட்டி முறிப்பு என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். "அப்போ நாலு படி தாண்டித்தான் அதற்கு வரணுமா?" என்றாள். அது அவளுக்குப் பிடித்தது போலவும் இருந்தது, பிடிக்காதது போலவும் இருந்தது.

சேலம் பக்கம் ஒரு கல்லூரிக்கு மூவரும் போனோம். அவள் அப்பா கட்டணம், விடுதி, சாப்பாடு என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் மனசுக்குள் புளியாக மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய கூடத்தில் வரிசையாக மரக் கட்டில்கள். பெண் பிள்ளைகள் ஒருத்தி மற்றொருத்தியின் தோள்பட்டையைத் தொட்டுத் தொட்டு மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஓர் எலும்புக்கூடு. அதன் தலையில் யாரோ பள்ளிக்கூடத் தொப்பி ஒன்றை வைத்திருந்தார்கள். ஆசிரியை நடுத்தர வயது அம்மாள். எங்கள் கேள்விகளெல்லாம் முடிந்ததும், "நீ ஏதாவது கேட்கணுமா?" என்று இவளைப் பார்த்தார்.

"எந்த முதுகைத் தொடக் கூடாது என்று எந்த வருஷத்தில் சொல்லித் தருவீங்க, மேடம்?"

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் இவளையே பார்த்தார். "நீயே சொல்லேன், எதைத் தொடக் கூடாது?" என்றார். இவள் கடகடவென்று ஒப்பித்தாள்: சாயங்காலக் காய்ச்சல், இளைப்பு, ராத்திரியில் படுத்தாலும் விடாத வலி, முதுகில் மேடு, நடக்கும்போது தெரியாமல் நழுவுகிற செருப்பு.

"செருப்பு எங்கள் பாடத்தில் இந்த மாதிரி இல்லையே" என்று சொல்லிக்கொண்டே ஆசிரியை மேஜை மேலிருந்த நோட்டை இழுத்து எழுதிக்கொண்டார். "ரெண்டாம் வருஷத்திலிருந்தே வந்துவிடும்மா. ஆனால் நீ கேட்டதற்காக முதல் வருஷத்திலேயே ஒரு நாள் சொல்லிவிடறேன்."

சேர்ந்துவிட்டாள். பட்டம் வாங்கிய பிறகு கோலாலம்பூருக்குப் போய் இன்னும் படிப்பேன் என்று இப்போதே சொல்கிறாள். அவள் அப்பா ஆட்சேபிக்கவில்லை. அதற்குள் ஐந்து புளி அறுவடை ஆகிவிடும், இரண்டாவது நன்றாக இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.