அப்பத்தாவின் சுருட்டு

நல்ல சுருட்டு எது என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தது எங்க அப்பத்தா. நான் சுருட்டுக் குடிப்பதில்லை. ஆனாலும் அந்தப் பாடத்தை எழுதி வைக்கிறேன். ஏனென்றால், அவ்வளவு தெரிந்த அந்தக் கிழவி எங்க ஊர்க் கடையில் ஒரு சுருட்டைக்கூடத் தன் கையால் பொறுக்கி எடுத்ததில்லை.

எங்க ஊர் வேடசந்தூர் பக்கம். கிணற்றுத் தண்ணி உப்பு. அந்த உப்புத் தண்ணிக்குப் புகையிலை நன்றாக வரும். நிலம் ஊர்க்காரர்களுடையது. நுனி கிள்ளுவது, பக்கக் கொழுந்து ஒடிப்பது, இலை அறுப்பது, காயப் போடுவது, அடுக்கிப் புழுங்க வைத்துப் புரட்டுவது எல்லாம் சேரிச் சனம். கொழுந்து ஒடித்துவிட்டு வந்தால் கையில் பிசின் கருப்பாய் ஒட்டியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் கசப்புப் போகாது. சோற்றை அள்ளினால் சோறும் கசக்கும். பனி ஈரத்தில் வேலை செய்த நாளில் அப்பத்தாவுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். காத்துக் கருப்பு அடிச்சிருச்சு என்று வேப்பிலை அடிப்பார்கள். ஈர இலையிலிருந்து நிக்கோட்டின் தோல் வழியாக உடம்பில் இறங்குகிற நஞ்சு அது என்று வளர்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பொழுது சாய்ந்தால் அப்பத்தாவுக்கு ஒரு சுருட்டு வேண்டும். 1997இல் எனக்கு எட்டு வயசு. கடைக்குப் போவது என் வேலை. கடைக்காரர் மேலே, நான் கீழே. காசைப் பலகை ஓரத்தில் வைக்க வேண்டும். அவர் அதில் தண்ணி தெளித்து எடுப்பார். கைக்கு வந்த சுருட்டைத் தூக்கிப் போடுவார். பிடித்தால் கையில், இல்லாவிட்டால் மண்ணில்.

"எப்பப் பாரு காஞ்சதையே குடுக்கிறான். அமுக்கிப் பாத்து வாங்குனாத்தான் தெரியும்" என்று அப்பத்தா ஒருநாள் சலித்துக்கொண்டது. நான் அதை மனசில் வைத்துக்கொண்டேன். மறுநாள் பலகைமேல் இருந்த கட்டில் கைவைத்து ஒன்றை அமுக்கிப் பார்த்துவிட்டேன். அளவுகோல் என் விரலில் இறங்கியது. "தொட்டுட்டியேடா, இனி இந்தக் கட்டை எவன் வாங்குவான்?"

அப்பத்தா ஓடிவந்தது. "சின்னப்பய சாமி, தெரியாமத் தொட்டுட்டான்." அதன் மகன் வயசு இருக்கும் அந்த ஆளுக்கு. "ஒழுங்கா வளக்கத் தெரியாதாடி?" என்றார். கட்டு முழுவதையும் எங்கள் தலையில் கட்டினார். நாலு நாள் கூலி போனது. அந்த இலையை ஒடித்ததும் காயப் போட்டதும் எங்களைப் போன்ற கைகள்தானே! இலையாய் இருந்தபோது ஒட்டாத தீட்டு சுருட்டான பிறகு மட்டும் எங்கிருந்து வந்து ஒட்டியது?

அன்று ராத்திரி அப்பத்தா என்னை அடிக்கவில்லை. வீங்கிய விரலுக்கு எண்ணெய் தடவிவிட்டு, கட்டைப் பிரித்துச் சிம்னி விளக்குக்கு முன்னால் பரப்பியது.

"எய்யா, இப்பப் பாரு. நுனியிலருந்து அடி வரைக்கும் மெதுவா அமுக்கு. ஒரே மாதிரி அமுங்கணும். நடுவுல கட்டியா இருந்தா புகை வராது. பொதபொதன்னு இருந்தா ஒரு பக்கமாவே எரிஞ்சு போகும். காதுகிட்ட வச்சு உருட்டு. மொறுமொறுன்னா காஞ்ச சரக்கு, தொண்டைய அறுக்கும். மோந்து பாரு, மக்கின வாடை அடிச்சா பூசணம். மேலிலையில ஊசி குத்துன மாதிரி ஓட்டை இருந்தா வண்டு பூந்திருக்கு. பத்த வச்சா சாம்பல் பொலபொலன்னு உதிராம நிக்கணும்."

பொறுக்கிப் பார்த்ததில் பாதி கழிசல்.

பிறகு திருச்சியில் எம்.ஏ. படித்தேன். 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் நாவலில், சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளன் சொல்வதாக வரும். அதை மேதைமை என்கிறார்கள். சாம்பல் பார்க்கத் தெரிந்த எங்க அப்பத்தாவை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சுருட்டு என்ற நம்ம சொல்தான் இங்கிலீஷில் செரூட் ஆகியிருக்கிறது. உறையூரில் சுருட்டுச் சுற்றுகிறவர்களையும் போய்ப் பார்த்தேன். உள்ளிலையைச் சேர்த்துப் பிடித்து, ஈரப்படுத்திய மேலிலையைச் சுற்றிப் பசை தொட்டு ஒட்டுகிறார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளி என்றது. காட்டில் இலை ஒடித்த அப்பத்தா அந்தக் கணக்கில் வரவில்லை.

2012இல் அப்பத்தா வாய்ப் புற்றில் செத்துப்போனது. நல்ல சுருட்டும் அங்கேதான் கொண்டுபோய் விடும், கெட்ட சுருட்டும் அங்கேதான். அதையும் சொல்லாமல் இந்தப் பாடம் முடியாது.

கருமாதிக்குச் சுருட்டு வைக்க வேண்டும் என்றார்கள். திண்டுக்கல்லில் ஒரு கடைக்குப் போனேன். என்னை யாரென்று தெரியாத கடைக்காரர் பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "பாத்து எடுங்க தம்பி" என்றார். கை நடுங்கியது. ஒவ்வொன்றாய் அமுக்கி, உருட்டி, மோந்து மூன்று எடுத்தேன். படையலில் பற்றவைத்தபோது சாம்பல் விரற்கடை நீளத்துக்கு அப்படியே நின்றது. "நல்ல சரக்கா இருக்கே, எங்கடா வாங்குன?" என்றார் சித்தப்பா. எனக்குப் பேச வரவில்லை.

இரண்டு வருசம் கழித்து, எங்க தெருப் பையன்களும் நானும் ஊர்க் கடை நடப்பை எழுதி, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் காட்டி மனு கொடுத்தோம். மூன்று மாசம் எங்களுக்குச் சாமான் தர மறுத்தார்கள். வேடசந்தூருக்கு நடந்து போய் வாங்கினோம். கடைசியில் பலகை இறங்கியது. இன்றைக்கு எங்க தெருப் பிள்ளைகள் அங்கே தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.