கால் பழகிவிடும்

கார் வைத்திருப்பவர்கள் டயரில் காற்றுப் பார்ப்பார்கள், மைலேஜ் கணக்குப் போடுவார்கள், ஏசி குளிரவில்லை என்றால் அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். பிரேக்கைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. மிதித்தால் நிற்கிறது, அப்புறம் என்ன? ஆனால் பிரேக் ஒரே நாளில் கைவிடுவது அபூர்வம். பேட் தேய்வது, ஆயில் பழசாவது, ரப்பர் வாஷர் தளர்வது எல்லாம் மாதக்கணக்கில் நடப்பவை. அந்த மாதங்களில் ஓட்டுபவரின் கால், அவருக்கே தெரியாமல், கொஞ்சம் முன்னதாகவும் கொஞ்சம் கூடுதலாகவும் மிதிக்கப் பழகிவிடுகிறது. தினமும் ஓட்டுகிறவருக்குத்தான் கோளாறு கடைசியாகத் தெரியவருகிறது. வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே பிரேக்கைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

சேலத்தில் இருக்கும் தம்பியின் காரை எடுத்துக்கொண்டு ஏற்காடு போவதாக ஒரு ஏற்பாடு. நான்தான் ஓட்டுவதாக இருந்தேன். ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்து அப்படியே அழுத்திப் பிடித்தேன். முதலில் நின்ற பெடல், காலை அசைக்காமல் இருக்கும்போதே மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கியது.

“என்னடா இது, பெடல் உள்ளே போகுது?”

“அது எப்பவும் அப்படித்தான்க்கா. ரெண்டு தரம் மிதிச்சா சரியாயிடும்.”

மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒவ்வொன்றிலும் அந்த ‘ரெண்டு தரம்’ மிதிக்க நேரம் கிடைக்குமா? பானெட்டைத் திறந்தோம். பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தோம். எங்கும் ஈரமில்லை. டாஷ்போர்டில் பிரேக் விளக்கும் எரியவில்லை. தம்பிக்கு அதுவே பெரிய சமாதானம்; எனக்கு அதுதான் கவலை. பெரும்பாலான கார்களில் அந்தச் சிவப்பு விளக்குக்குத் தெரிந்தது இரண்டே சங்கதி: ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறதா. மிதிக்கும்போது ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர் தேய்ந்துபோனால், அழுத்தப்பட்ட ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் வாஷரைத் தாண்டிப் பின்னால் நழுவிவிடும். வெளியே ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது, மட்டமும் குறையாது, விளக்கும் எரியாது. காட்டிக்கொடுப்பது அந்த இறங்கும் பெடல் ஒன்றுதான். வீட்டுக்கே வந்து பார்த்த மெக்கானிக்கும் பெடலை மிதித்த கையோடு, “உள்ளே வாஷர் போயிருக்குங்க” என்றார். ஏற்காட்டுக்கு அன்று பஸ்ஸில் போனோம்.

பெடலை அழுத்திப் பிடித்துப் பார்க்கும் இந்தச் சோதனைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். மிதிக்க மிதிக்கக் கல்லாகும். இறுகிய பெடலின் மேல் காலை வைத்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், பெடல் கொஞ்சம் அமுங்கி நின்றுவிட வேண்டும். இது காலின் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அமுங்கவே இல்லை என்றால் பூஸ்டரிலோ அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸிலோ கோளாறு. ஆரோக்கியமான பெடல் சற்று இறங்கி நிற்கும், கோளாறான பெடல் நிற்காமல் இறங்கும். ஒருமுறை காலால் உணர்ந்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

பெட்ரோல் மிச்சம் என்று மலையிறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்துபார்க்க வேண்டும். அணைத்த பிறகு பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்கப்புறம் முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி பழையபடி நிற்காது. வாசலில் கல்லாகும் அதே பெடல்தான் வளைவிலும் காலுக்கு அடியில் இருக்கும்.

மலை என்றதும் பிரேக் ஆயிலைச் சொல்லாமல் இருக்க முடியாது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு; ஈரம் ஏறிவிட்டால் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு 230, 155. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36 வளைவுகள். கீழ் கியரில் வராமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடு, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்கு ஏறும். பழைய ஆயில் கொதித்து நீராவிக் குமிழ்கள் உண்டாகும். ஆயில் அழுத்தத்தைக் கடத்தும், குமிழோ நசுங்கிப்போகும். கால் வெறுமனே உள்ளே போய்விடும். டப்பாவுக்குள் எட்டிப் பாருங்கள்: இளமஞ்சளாக இருக்க வேண்டியது டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. நிறம் நன்றாக இருந்தாலும் ஈரம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவதுதான் சரி. மட்டம் கொஞ்சம் குறைந்திருந்தால் உடனே ஊற்றிவிடவும் கூடாது. பேட் தேயத் தேய மட்டம் தானே இறங்கும். அதைப் பார்த்துப் பேடைச் சோதிப்பதுதான் முறை.

சத்தங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்த மறுநாள் காலை முதல் சில மிதிகளுக்கு மட்டும் கேட்கும் கரகரப்பு டிஸ்க்கில் படிந்த துரு, தானாகப் போய்விடும். விடாமல் கீச்சிட்டால் பேட் தேய்ந்து, அதிலிருக்கும் எச்சரிக்கைத் தகடு உரசுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இரும்பும் இரும்பும் அரைபடும் சத்தம் வந்துவிட்டால் டிஸ்க்கும் சேர்ந்து போகிறது. மிதிக்கும்போது பெடலும் ஸ்டியரிங்கும் அதிர்ந்தால் டிஸ்க்கின் பரப்பு சமமாக இல்லை. பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் பைப்பில் காற்று.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், சிறிது தூரம் ஓட்டி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், அனல் தானே தெரியும். முன்சக்கரம் இரண்டில் ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கத்துக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் கண்டுபிடிப்பதற்கு மட்டுமே. வீடியோ பார்த்துவிட்டு ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பதையோ, பைப்பைக் கழற்றுவதையோ நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பெடல் இறங்கினாலோ, சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தாலோ ‘மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்’ என்பதும் வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். “பிரேக் சரியில்லை” என்று மொட்டையாகச் சொல்லாமல், இன்ஜின் ஓடும்போது பெடல் இறங்குகிறது, வலது முன்சக்கரம் சூடாகிறது என்று சொன்னால் அவர் தேடுவதில் பாதி குறையும், தேவையில்லாததை மாற்றுவதும் குறையும். பேட் மாற்றியிருந்தால் கழற்றிய பழையவற்றைக் கேட்டு வாங்கி, ஒரே சக்கரத்தின் உள்பேடையும் வெளிப்பேடையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்று தகடு தெரியத் தேய்ந்து மற்றது தடிமனாக இருந்தால் காலிப்பர் நகர உதவும் ‘ஸ்லைடு பின்’ இறுகியிருக்கலாம். அதைச் சுத்தம் செய்து கிரீஸ் போடாமல் வண்டியை வாங்காதீர்கள். இல்லாவிட்டால் புதுப் பேடும் அதே மாதிரி ஒருபக்கமாகத்தான் தேயும்.